பிளாஸ்டருக்கு அடியில்

கால்பந்து கிளப்பின் ஆண்கள் அணி கழித்துப்போட்ட ஜெர்சிகள்தான் பெண்கள் அணிக்கு வரும். முதுகில் அச்சடித்த ஆண்பெயரின் மேல் வெள்ளை பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு ஆடவேண்டும். இரண்டாம் பாதிக்குள் வியர்வையில் அது உரிந்து தொங்கும். ரெஜினாவின் முதுகில் பெனடிக்ட் வெளியே வருவான். "பெனடிக்ட், அடிடே!" என்று கேலரி சிரிக்கும். அப்படியேதான் லீக்கிலேயே அதிக கோல்களை அவள் அடித்தாள். இன்று இறுதிப்போட்டியின் ஒரே கோலும் அவளுடையது. கோப்பை கொடுக்க வந்தவரோ அந்தப் பழைய ஆட்டக்காரர் பெனடிக்டேதான். கோட்டு போட்டிருந்தார்.

"மக்களே, திரும்பி நில்லு. சாருக்க பேரு போட்டோவுல விழட்டும்," என்றார் கிளப் செயலாளர் ரெஜினாவிடம்.

"எனக்க பேரு என்னன்னு சொல்லும் பாப்போம்."

செயலாளர் பெனடிக்டைப் பார்த்தார். பெனடிக்ட் கோப்பையைப் பார்த்தார்.

ரெஜினா கையைப் பின்னால் வளைத்து, தொங்கிய பிளாஸ்டரைப் பிய்த்து, அவர் கோட்டில் 'சிறப்பு விருந்தினர்' பேட்ஜின் மேல் வைத்தாள். ஈரத்தில் ஒட்டவில்லை. உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை வைத்தாள். ஒட்டிக்கொண்டது. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகப் பிளாஸ்டரைக் கிழிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது.