வெங்காயப் பட்டாளம்

"வெங்காயம் எல்லாம் உரிச்சு முடிஞ்சுதா, மச்சான்?"

பாலாவியிலிருந்து வந்த மாட்டுவண்டியை விட்டு இறங்கிய அல்பேட்டிடம் சொந்த ஊரான தலவிலையில் கூட்டாளி அருளப்பு கேட்ட முதல் கேள்வி அதுதான். சுற்றி நின்ற கரைவலை மீன்பிடிகாரர் எல்லாரும் சிரித்தார்கள். காக்கிச் சட்டையோடு நிமிர்ந்து நின்றவனின் முகம் கறுத்துப்போனது.

உலக யுத்தம் முடிந்து எகிப்திலிருந்து திரும்புகிற பட்டாளத்தானை வரவேற்கிற முறையா அது? கூட்டத்தில் நின்ற அவன் பெண்சாதி அல்பொன்சாவுக்குத் தலை குனிந்துவிட்டது. எல்லாம் அவள் செய்த வேலை.

முதல் கடிதத்திலேயே அல்பேட் குண்டு மழையைப் பற்றி எழுதியிருந்தான். அல்பொன்சா அதை வாசிக்கக் கேட்ட, எழுத்து வாசிக்கத் தெரியாத அவன் தாய் மக்தலேனா மயங்கி விழுந்து, நாலைந்து நாள் கஞ்சிகூடக் குடிக்கவில்லை. அன்றிலிருந்து அல்பொன்சா கண்ணால் ஒன்றை வாசித்து, வாயால் வேறொன்றைச் சொன்னாள்.

'பக்கத்தில நிண்டவன் செத்திட்டான். நான் துவக்கால சுட்டுக்கொண்டு முன்னுக்குப் பாய்ஞ்சன்' என்று எழுதியிருக்கும். "பட்டாளத்துக் குசினியில சமையலுக்கு ரெண்டு மூட்டை வெங்காயம் உரிச்சன் அம்மா, கண்ணீர் நிக்கயில்ல" என்று அவள் வாசிப்பாள். மக்தலேனா வயிறு குலுங்கச் சிரித்து, அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வருவாள். அல்பொன்சா அன்னம்மாள் கோயிலுக்குப் போய், மெழுகுதிரி கொளுத்தித் தனியாக அழுவாள்.

வீட்டுக்கு வந்ததும் மக்தலேனா மகனைக் கட்டிப்பிடித்தாள். "குசினிச் சாப்பாடு உடம்பில ஒட்டியிருக்கு மகன். போகேக்க ஈர்க்கில் மாதிரிப் போனாய்."

அல்பேட் நேரே அடுப்படிக்குப் போனான். கொதித்துக்கொண்டிருந்த மீன் குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "புளி கூடிப்போச்சு" என்று கொஞ்சம் தேங்காய்ப்பாலை ஊற்றினான். அல்பொன்சாவின் கண் அவன் மணிக்கட்டில் கிடந்த சுட்ட தழும்பிலேயே நின்றது. எந்தக் குண்டு பட்டதோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

மாமி கிணற்றடிக்குப் போகும்வரை பொறுத்திருந்து, அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"கோவிக்காதீங்க. மாமிக்கு ஏதும் ஆகிடும் எண்ட பயத்திலதான் வாயில வந்த பொய்யை எல்லாம் வாசிச்சன். இண்டைக்கே ஊருக்கு உண்மையைச் சொல்லிப்போடுறன்."

அல்பேட் பதறிப்போனான். "வேணாம். ஒருத்தருக்கும் சொல்லாத."

"ஏன் சொல்லக்கூடாது? உயிரைக் குடுத்துச் சண்டை பிடிச்ச மனுசன் நீங்க. ஊர்ச் சனம் வெங்காயப் பட்டாளம் எண்டு சிரிக்க, நான் பாத்துக்கொண்டு இருக்கிறதா?" அவள் அவன் மணிக்கட்டுத் தழும்பைத் தடவினாள். "நான் பாவி. உங்கட பேரைக் கெடுத்திட்டன்."

அவன் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. கிணற்றடிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"அல்பொன்சா, அம்மாவுக்கு நீ வாசிச்சதுதான் நடந்தது."