பாதி ரிட்டயர்மென்ட்

"அவன் வெளங்கவே மாட்டான் பாரு!"

செருப்பை வாசலில் உதறிக்கொண்டே கத்தினார் சூசை. "ஆடு மேய்க்கற ஆளுக்கு ஒரே ஒரு டீ. அதப் போயி நிறுத்திட்டான் அந்த மொதலாளி!"

"யாருங்க அந்த மொதலாளி?" என்றாள் மனைவி அமலோற்பவம்.

"எவனுக்குத் தெரியும்? வெளியூர்க்காரனாம். எல்லாம் போன்லயே சொல்லுவானாம். உன் தம்பி டேவிட்டுதான் அவனுக்கு ஆட்டப் பாத்துக்கறான்."

சூசை முப்பது வருஷம் மலை ரூட் பஸ்ஸில் கண்டக்டர். முட்டி தேய்ந்ததும் பையைக் கழற்றி வைத்துவிட்டு, பாதி ரிட்டயர்மென்ட் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். செல்போன் வீடியோவில் ஒரு டை கட்டிய ஆள் சொல்லிக்கொடுத்த திட்டம் அது. பாதிச் செலவை முதலீடு பார்த்துக்கொள்ளும், மீதிப் பாதிக்கு அரைநாள் வேலை. இரண்டில் ஒன்று படுத்தாலும் மறுபடி பஸ் படிக்கட்டுதான். அதை நினைத்தாலே அவருக்கு முட்டி விண்விண் என்று தெறிக்கும்.

பேங்கெல்லாம் அவர் மனசுக்குப் பிடிக்கவில்லை. வேலையை விட்டபோது வந்த பணத்தை அப்படியே மச்சான் டேவிட்டிடம் கொடுத்தார்.

"ஆடு வாங்கி வெள்ளிமலையில வுடு. ஆளு போட்டு மேய்க்கச் சொல்லு. நான் பாட்டுக்கு வூட்ல ஒக்காந்துகினு இருக்கேன், அது பாட்டுக்கு குட்டி போட்டுகினு இருக்கட்டும்."

அதற்கப்புறம் அந்த ஆடுகளை ஒருதரம்கூட அவர் போய்ப் பார்க்கவில்லை. முதலீட்டை அடிக்கடி எட்டிப் பார்க்கக் கூடாது என்று அந்த டை கட்டிய ஆள் சொல்லியிருந்தாராம்.

அரைநாள் வேலையையும் டேவிட்தான் பிடித்துக் கொடுத்தான். வடக்கனந்தல் பக்கம், மலையடிவாரத்தில், யாரோ ஒருத்தருடைய ஆடுகள். மத்தியானம் வரைக்கும் மேய்த்தால் போதும்.

டீ நின்ற கோபத்தில் ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு சூசை போனை எடுத்தார். இப்போது அவர் முதலீட்டாளர். குரலே வேறு.

"டேவிட்டு, என் ஆடுங்க எப்டி இருக்குது?"

"நல்லா இருக்குது மாமா."

"செலவ கம்மி பண்ணச் சொன்னேனே?"

"பண்ணிட்டேன் மாமா."

"மேய்க்கறவன் ஒழுங்கா மேய்க்கறானா?"

"மேய்ச்சிகினுதான் இருக்காரு. கால் வலிக்குதுன்னு நடுவுல கொஞ்சம் கல்லு மேல ஒக்கார்றாரு."

"ஒக்கார்றானா? நான் முப்பது வருஷம் நின்னுகினே டிக்கெட் குடுத்தவன்டா! அந்தக் கல்ல மொதல்ல எடு!"

மறுநாள் காலை சூசை போய்ப் பார்த்தால், புளியமரத்தடியில் கல்லைக் காணோம்.

"எங்கடா கல்லு?"

"மொதலாளி எடுக்கச் சொல்லிட்டாரு மாமா" என்றான் டேவிட், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"பேதியில போறவன்! அவன் வூட்ல நாற்காலியே கெடையாதா?"

போட்ட சத்தத்தில் ஆடுகள் மேய்வதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தன.

சாயந்திரம் தன் வீட்டு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு சூசை மறுபடியும் போன் போட்டார்.

"கல்ல எடுத்ததுக்கு அந்த ஆளு எதுனா சொன்னானா?"

"திட்டுனாரு மாமா."

"திட்டுனானா? திமிரு ஜாஸ்தியாயிடுச்சு அவனுக்கு. ஞாயித்துக்கெழம லீவ கட் பண்ணு. ஆட்டுக்கு ஞாயித்துக்கெழம வயிறு இல்லியா?"

"மாமா, அது வந்து…"

"சொன்னத செய்!"

அந்த ஞாயிறு மாதா கோயில் திருவிழா. திருவிழாப் பூசையில் வருஷா வருஷம் பைபிள் வாசகம் வாசிப்பது சூசைதான். கண்டக்டர் தொண்டை, மைக்கே வேண்டாம். இந்த வருஷம் அவர் கையில் கோலோடு ஆடுகளுக்கு நடுவே நின்றார். தூரத்து ஸ்பீக்கரில் வேறு யாரோ திக்கித் திக்கி வாசிப்பது கேட்டது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்த டேவிட்டின் காலடியில் கோலை வீசினார்.

"அவன் மனுசனே இல்ல டேவிட்டு! டீ கெடையாது, ஒக்கார கல்லு கெடையாது, சாமி கும்புடக்கூட வுட மாட்டான். அவன் நம்பர குடு. நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்த கேக்கறேன்!"

டேவிட் தலையைச் சொறிந்தான்.

"அது உங்க நம்பருதான் மாமா."

"இன்னாடா சொல்ற?"

"வெள்ளிமலையில மேய்ச்சிகினு இருந்த அய்யனாரு குளுருக்கு ஒரு கம்பளி கேட்டான். நீங்க குடுக்காதன்னீங்க. போயிட்டான். வேற ஆளும் கெடைக்கல. ஆட்ட இங்க கீழ ஓட்டியாந்துட்டேன். நீங்களும் வேல வேலன்னு என் உயிர எடுத்துகினு இருந்தீங்க…"

சூசை ஆடுகளைப் பார்த்தார். ஆடுகள் சூசையைப் பார்த்தன. கல் இருந்த இடத்தில், வெறும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டேவிட்டு, நாளையிலேர்ந்து மேய்க்கறவனுக்கு டீ குடு."

"சரிங்க மாமா."

"அந்தக் கல்ல கொண்டாந்து போடு. ஞாயித்துக்கெழம லீவு குடு. ஒரு கம்பளியும் வாங்கிடு."

டேவிட்டுக்கு மனசு இளகிவிட்டது. "எல்லாம் பண்ணிடறேன் மாமா. நாளைக்கு நீங்க நிம்மதியா வேலைக்கு வாங்க."

"நானா?"

சூசை எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். குரல் மாறிவிட்டது.

"அதெல்லாம் அய்யனார கூப்ட்டுக் குடு. மொதலாளிய வாய்க்கு வந்தபடி திட்டறவன் நமக்கு வேணாம். இந்த ஆள இன்னியோட நிறுத்திடு!"