எந்தக் கை?

“கல்யாண வீட்டுல வெத்தலை பாக்கை இடது கையால கொடுத்த ஆளெல்லாம் ஒரு மனுஷனா? முதல்ல அந்த ஆளை என் வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு. அப்புறம் கார்டு வைக்கிறதைப் பத்திப் பேசலாம்.”

என் மகள் பூவிழி, தன் கல்யாணக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“சுபத்ரா பாட்டி வீட்டுக்காரரைத்தானே சொல்றீங்க? பேரைச் சொன்னா வாய் வெந்துடுமாப்பா?”

“சொல்ல மாட்டேன். நாப்பத்தாறு வருஷமா இந்த வீட்டுல யாரும் சொன்னதில்ல.”

சுபத்ரா அத்தை என் அப்பாவின் தங்கை. லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் முட்டைக்கோஸ் போட்டுப் பிழைக்கிற குடும்பம். எஸ்டேட்டில் நடந்த அத்தை கல்யாணத்தில்தான், மாப்பிள்ளை என் அம்மாவுக்கு இடது கையால் வெற்றிலை பாக்கு கொடுத்தார்.

அப்பா அதை நேரில் பார்க்கவில்லை. சோற்று அண்டாவோடு நின்றிருந்தார். ஆபீஸ் கணக்கு எழுதும் எஸ்டேட் கிராணி தன் சினிமா கேமராவில் எடுத்த படத்தில்தான் பிறகு பார்த்தார். அவர் மடியில் உட்கார்ந்து, அஞ்சு வயதில் நானும் பார்த்தேன்.

“வலது கையாலதாங்க கொடுத்தாரு” என்று அம்மா எத்தனையோ தடவை சொன்னாள்.

“படம் பொய் சொல்லுமாடி?” என்று அப்பா வாயை அடைத்துவிடுவார்.

அப்பா போன பிறகு அந்த ரோஷத்தை நான் தூக்கிக்கொண்டேன். 2013இல் சேற்று வெள்ளம் வந்தபோது, என் லோரி அங்கே எத்தனையோ பேர் வீட்டுச் சாமானை ஏற்றியது. அத்தை வாசலில் மட்டும் நிற்கவில்லை. நிறுத்தாதே என்று டிரைவரிடம் சொன்னவன் நான்தான்.

“அந்தப் படத்தை நானும் பாக்கணும்பா” என்றாள் பூவிழி. “பாத்துட்டு நானே இந்தக் கார்டைக் கிழிச்சுப் போடுறேன்.”

எனக்கு வேண்டியதும் அதுதான்!

கிராணி வேலையை விட்டுப் போகும்போது கொடுத்த படச்சுருள், பிஸ்கட் டின்னில் கிடந்தது. ஓட்டிப் பார்க்க எங்களிடம் மெஷின் இருந்ததில்லை. மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, சாகும்வரை அம்மா அதில் தேயிலைத்தூள் பொட்டலத்தை மாற்றி மாற்றி வைத்தாள். தன் அவமானத்தை எடுத்த படத்துக்கு எதற்கு இந்தச் சீராட்டு? எனக்கு விளங்கியதே இல்லை.

பிரிஞ்சாங் டவுனில் தாஜுதீன் ஸ்டூடியோ. அவர் மகள் ஃபாத்தின்தான் பழைய ஃபிலிமை வீடியோவாக மாற்றித் தருகிறாள்.

“நூத்தைம்பது வெள்ளி, அங்கிள்.”

“மூணு நிமிஷப் படத்துக்கா? எண்பது போட்டுக்க.”

“ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியா படம் எடுக்கணும்லா. மூவாயிரத்துக்கு மேல இருக்கு.”

நூற்று இருபதில் முடித்தேன்.

நாலாம் நாள் நானும் பூவிழியும் போனோம். கம்ப்யூட்டரில் படம் ஓடியது. சத்தம் கிடையாது. பந்தல், மேளக்காரர், கரண்டியோடு அப்பா, வெட்கத்தோடு அம்மா.

“இப்பப் பாரு! வர்றாரு பாரு!” என்றேன்.

அந்த மனுஷன் வந்தார். அம்மாவிடம் வெற்றிலை பாக்கை நீட்டினார்.

வலது கையால்.

“ஏம்மா, படத்தைத் திருப்பிப் போட்டுட்டியா? யார்கிட்ட கோல்மால் பண்ற? எடு என் பணத்தை!”

ஃபாத்தின் அசரவில்லை. பந்தல் முகப்பில் படத்தை நிறுத்தினாள். ‘நல்வரவு’ என்ற எழுத்து நேராக இருந்தது.

“திருப்பிப் போட்டிருந்தா எழுத்தும்ல திரும்பியிருக்கும், அங்கிள்?”

“அப்ப நான் பார்த்தது?”

“நீங்க எங்க வெச்சுப் பாத்தீங்க?”

“லைன் வீட்டு முன்னாடி. ரெண்டு கம்பத்துல வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் காட்டினாங்க.”

“நீங்க எங்க உக்காந்தீங்க?”

“மெஷின் பக்கத்துல நாற்காலி. அதுல துரையும் கிராணி குடும்பமும். நாங்க வேட்டிக்கு அந்தப் பக்கம், சாக்கு விரிச்சு...”

ஃபாத்தின் ஃபிலிமை விளக்குக்கு நேராகப் பிடித்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். வலது கை. அப்படியே ஃபிலிமைத் திருப்பிப் பிடித்தாள்.

இடது கை.

“வேட்டிக்குப் பின்னாலேருந்து பாத்தா இப்படித்தான் அங்கிள் தெரியும்.”

“எழுத்தும் திரும்பித்தானே தெரிஞ்சிருக்கும்? தாத்தா கவனிக்கலையா?” என்றாள் பூவிழி.

“அவருக்கு ஏதும்மா எழுத்து.”

பூவிழி படத்தை மறுபடி ஓட விட்டாள். பந்தியில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா சோறு போட்டுக்கொண்டே போனார்.

“அப்படின்னா, அன்னைக்குத் தாத்தாவும் இடது கையாலதானேப்பா சோறு போட்டிருப்பாரு? பந்தியே இடது கையால சாப்பிட்டிருக்கும். உங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தர் கை மட்டும் எப்படிக் கண்ணுல பட்டுச்சு?”

 

படச்சுருளோடு கொடுத்திருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தேன். மூலையில் அம்மா கடைசியாக வைத்த தேயிலைப் பொட்டலம் அப்படியே இருந்தது. அவள் காப்பாற்றி வைத்தது அவமானத்தை இல்லை. தன் சாட்சியை.

“கார்டை இங்க கொடு” என்றேன்.

“கிழிக்கவா?”

கார்டை வாங்கிக்கொண்டு லோரியில் ஏறினேன். பக்கக் கண்ணாடியில் ஒருத்தன் என்னையே முறைத்துக்கொண்டிருந்தான். அவனிடம்தான் சொன்னேன்:

“டேய் மகேஸ்வரா! வெள்ளத்துல நிக்காத லோரியை இன்னைக்கு அத்தை வாசல்ல நிறுத்து. ‘மாமா, மன்னிச்சிடுங்க’ன்னு சொல்லி வெத்தலை பாக்கோட கார்டை நீட்டு. ஒரு கையால இல்ல, ரெண்டு கையாலயும்!”