தனித்தேர்வர்

தலைமையாசிரியரின் வாயிலிருந்து "ஆனா" எப்போது வரும் என்று அவள் காத்திருந்தாள்.

முதலில் பாராட்டு. உங்கள் மகள் ஒழுக்கமான பெண். காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க அவளை விட்டால் ஆளில்லை, குரல் அப்படியே மணி மாதிரி. மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே சொன்னார்.

பிறகு வந்தது.

"ஆனா கணக்குல ரொம்பப் பின்தங்கிட்டா. இப்படியே பரீட்சைக்கு உக்கார வச்சா பிள்ளை மனசு ஒடஞ்சு போயிடும். டிசி வாங்கிட்டு, வீட்டுலயே நிதானமாப் படிச்சு, தனித்தேர்வரா எழுதட்டுமே."

அவள் தலையை ஆட்டினாள்.

எண்கள் மகளுக்கு இடம் மாறித்தான் தெரியும். ஐம்பத்தேழு என்று சொன்னால் எழுபத்தைந்து என்று எழுதுவாள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே சிறப்பாசிரியை ஒருவர் வந்துகொண்டிருந்தார். பொத்தான்களையும் கலர் பென்சில்களையும் பரப்பி வைத்து அவர் சொல்லிக்கொடுத்ததில், மகள் தட்டுத் தடுமாறித் தேறிக்கொண்டுதான் வந்தாள்.

போன வருஷம் அந்தப் பதவியே தேவையில்லாத செலவு என்று எடுத்துவிட்டார்கள்.

இந்த வருஷம் இன்னொரு உத்தரவு. பொதுத்தேர்வில் தேர்ச்சி குறைகிற பள்ளியை இழுத்து மூடி, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். ஆசிரியர்களை ஆளுக்கொரு மூலைக்கு மாற்றிவிடுவார்கள்.

'மாணவர் நலன் கருதி' என்றுதான் அந்த உத்தரவு ஆரம்பித்தது.

வெளியே போய்த் தனித்தேர்வராக எழுதும் பிள்ளை தோற்றால், அந்தத் தோல்வி எந்தப் பள்ளியின் தலையிலும் விழாது. அப்படிப் போன பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. ஏதோ ஒரு கடையிலோ, எவன் வீட்டு அடுப்படியிலோ போய் நின்றுவிடுவார்கள். இது எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசிக்கொள்வதில்லை.

"பள்ளிக்கூடம் அனுப்பின மாதிரி இருக்கக் கூடாது பாருங்க," என்று தலைமையாசிரியர் ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்களாக் கேக்கற மாதிரி ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க."

வாசகத்தையும் அவரே சொல்லத் தொடங்கினார். சொந்தக் காரணங்களை முன்னிட்டு என்ற இடத்துக்கு அவர் வருவதற்குள் அவள் எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

அவருக்கு ஆச்சரியம். மற்றவர்கள் அழுவார்களாம். மேசையைத் தட்டுவார்களாம். ஒருத்தி நேற்று அவர் காலிலேயே விழுந்துவிட்டாளாம்.

"உங்கள மாதிரிப் புரிஞ்சுக்கறவங்க கெடைக்கறது கஷ்டம்," என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வராந்தாவில் மகள் தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்தபடி கதவோரமாக நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

"நீ சண்டை போடுவேன்னு நெனச்சேம்மா."

என்ன சொல்லிச் சண்டை போடுவது? எதைக் கேட்டாலும் அவர் என்ன பதில் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்.

"பஸ் போயிடும், வா," என்று மகளின் புத்தகப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பை கனத்தது. மேசைக்குள் இருந்ததையெல்லாம் மகள் ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டிருக்கிறாள்.

பஸ்ஸில் மகள் சட்டையில் குத்தியிருந்த பள்ளிச் சின்னத்தைக் கழற்றினாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொண்டாள். ஊசி குத்தியிருக்க வேண்டும். முகம் சுளித்தாளே தவிர கையைத் திறக்கவில்லை.

வீட்டில் விட்டுவிட்டு வர நேரமில்லை. பாதி நாள்தான் விடுப்பு. மகளையும் கூட்டிக்கொண்டே வேலைக்குப் போனாள்.

அங்கேயும் ஒரு நீண்ட வராந்தா. சுவரில் வாய்ப்பாடு எழுதியிருந்தது. ஏதோ ஒரு வகுப்பில் பிள்ளைகள் ஒரே குரலில் கத்திப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

வராந்தாவின் கோடியில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தார். சட்டையெல்லாம் சிமென்ட் தூள். பக்கத்தில் அவருடைய பெண், மகளின் வயதுதான் இருக்கும்.

"வரச் சொன்னீங்களாம் டீச்சர். இவ ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டாளா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உள்ள வாங்க."

மகளின் முகத்தைப் பார்க்காமலே அவள் அறைக்குள் போனாள். அவர் பின்னாலேயே போனார். கதவு சாத்திக்கொண்டது. கதவின்மேல் நீலப் பெயின்ட்டில் 'தலைமையாசிரியை' என்று எழுதியிருந்தது.

பெஞ்சில் இருந்த பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உன்னையும் டீச்சர் வரச் சொன்னாங்களா?"

மகள் உட்கார்ந்தாள்.

"எங்கப்பா வேலைய அப்படியே போட்டுட்டு வந்திருக்காரு. உள்ள ரொம்ப நேரம் ஆகுமா?"

உள்ளே அம்மா பேசத் தொடங்கியிருந்தாள். மெதுவாக, அன்பாக. மகள் சற்று நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆகாது," என்றாள்.