எதிர்வீட்டுச் சுவர் மாதிரி

மழை விட்டு வெயில் தலைகாட்டியதுமே காம்பவுண்டுச் சுவர் பெயிண்ட் பிரஷ்ஷைக் கூப்பிட்டது.

"அண்ணே, உங்களுக்கு உள்ளுக்குள்ள இன்னும் ஈரம் இருக்கு. நல்லாக் காயட்டும். முதல்ல பிரைமர், அப்புறம்தான் பெயிண்ட்" என்றது பிரஷ்.

"ஈரமா? எனக்கா? எதிர்வீட்டுச் சுவர் அதுக்குள்ள ஊதா கலர்ல பளபளன்னு நிக்குது. நீ பேசாம அடி!"

பிரஷ் அடித்துவிட்டுப் போனது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சுவருக்குத் தலைகால் புரியவில்லை.

வெயில் ஏற ஏற, உள்ளே இருந்த ஈரம் வெளியே வர வழி தேடியது. பெயிண்ட் அங்கங்கே உப்பியது.

பல்லி வந்து பார்த்தது. "என்னண்ணே, உடம்பெல்லாம் கொப்புளம்?"

"கொப்புளமா? இது புது டிசைன்டா!"

"அப்படியா?" என்றது பல்லி. "எதிர்வீட்டுச் சுவரும் இதையேதான் சொல்லிச்சு."