பூசணிக்கு ஊசி

பூசணி என்று பெயர் வைக்குமளவுக்குக் கொழுத்திருந்த பூனை, சர்க்கரை நோய் வந்து எலும்பும் தோலுமாகிவிட்டது. இந்த மழைக்காலத்தைத் தாண்டமாட்டேன் என்று அதுவே முடிவு கட்டியிருந்தது. டாக்டர் ஊசி எழுதிக்கொடுத்ததும் கட்டிலடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

சேதி கேட்டு ஜன்னலுக்குப் பறந்து வந்தது காகம். "எடுத்த எடுப்புல ஊசியாடி? ரெண்டு வேப்பங்கொழுந்தை மெல்லு, சர்க்கரை ஓடியே போயிடும்!"

"பாகற்காய்க்குத்தான் கேட்கும்!" என்று குறுக்கே பாய்ந்தது அணில். "ஊசிக்கு மட்டும் ஒத்துக்காதே. ஆரம்பிச்சா ஆயுசு பூரா போடணுமாம்!"

பூசணியின் காதுகள் விடைத்தன. "ஆயுசு பூராவா? நிஜமாவா?"

"சத்தியமா! வருஷக்கணக்கா, தினம் தினம்!"

ஒரே தாவலில் வெளியே வந்த பூசணி, ஊசியோடு தேடிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மாவின் மடியில் ஏறிக் கழுத்தை நீட்டியது.

"வருஷக்கணக்காம்! சீக்கிரம் போடுங்கம்மா!"