அண்ணத்தில் இரண்டு துளைகள்

ஜோயல் தினமும் காலையில் தேனிக் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தைத் திறந்து, அலமாரியில் இருக்கும் இரண்டு மண்டையோடுகளைத் துடைத்து வைப்பான். ஒன்று தெருநாயுடையது. மற்றது, ஆஸ்திரேலியாவில் அழிந்துபோன பை ஓநாயின் பிளாஸ்டர் வார்ப்பு. சென்ற வருடம் பஸ் விபத்தில் இறந்த அவன் மனைவி ஜெனிட்டா செய்தது. ஒன்றின் குட்டி தாயின் வயிற்றுக்குள்ளும் மற்றதன் குட்டி வயிற்றுப் பையிலும் வளரும். நெருங்கிய உறவே கிடையாது, ஆனாலும் வேறு வேறு வழியில் வந்த ஒரே முகம். ஓநாயின் அண்ணத்தில், மேல்வாய் எலும்பில், மட்டும் இரண்டு துளைகள் உண்டு.

இந்தச் சித்திரையில் நாயின் அண்ணத்திலும் அதே துளைகள் விழுந்திருந்தன.

"பூச்சி அரிச்சிருக்குப்பா. தூக்கிப் போட்டுட்டு வேற நாய் பாப்போம்," என்றார் துறைத்தலைவர் பலவேசம்.

"தொடாதீங்க சார். அது வேற வழியா வந்துக்கிட்டு இருக்கு."

அவர் சாவியைக் கேட்டார். ஜோயல் தரவில்லை.

விபத்தன்று காலை உத்தமபாளையத்தில் அவனைப் பஸ் ஏற்றிவிட்டு ஜெனிட்டா கடைசியாகச் சொன்னது இதுதான்: "நீங்க முன்னால போங்க. நான் போடி வழியாச் சுத்தி வந்துர்றேன்."